வளைவு 14/20

கோரிமேட்டில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால்
அன்றைய பாடக்குறிப்பு பஸ்ஸிலேயே முடிந்துவிடும்.
கட்டைவிரலால் ப்ராம்ப்ட் அடிக்கிறேன்:
ஏழாம் வகுப்பு. விசையும் இயக்கமும்.
நாற்பது நிமிடம், முப்பத்தொரு பிள்ளைகள்.
தொலைவு வேறு, இடப்பெயர்ச்சி வேறு என்று புரிய வேண்டும்.
புரொஜெக்டர் கிடையாது.

அடிவாரத்தில் பதில் வந்தது.
ரவி தினமும் காலையில் பூங்காவைச் சுற்றி ஓடுகிறான்,
புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறான்.
தொலைவு நானூறு மீட்டர்.
இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம்.

எங்கள் பிள்ளைகள் காரணமில்லாமல் ஓடுவதில்லை.
திருத்தினேன்: பூங்கா வேண்டாம், ரவியும் வேண்டாம்.
மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவு இருபது,
மிளகு மூட்டை ஏற்றிய ஜீப்.

ஆறாவது வளைவில் சிக்னல் போனது.
ஒன்பதில் வந்தது, பாதி வாக்கியத்தோடு.
பதினான்கில் எப்போதும் போகும்.
அங்கே போனை மடியில் கவிழ்த்துவிட்டுக்
கீழே பார்ப்பேன்:
வெள்ளைக்கல் சுரங்கம்,
யாரோ ஊரின் ஓரத்தை
ரப்பரால் அழித்த மாதிரி.

அதே போனில் இன்னொரு உரையாடலும்
பத்து நாளாகத் திறந்தே கிடக்கிறது.
நான் ச. மெகருன்னிசா, எம்.எஸ்சி., பி.எட்.
ஏழு வருடமாகத் தற்காலிக ஆசிரியை.
பெங்களூரில் பாடத்திட்டம் தயாரிக்கும் கம்பெனிக்கு
விண்ணப்பம் எழுதிக் கொடு.

நன்றாகத்தான் எழுதியது.
‘ஐந்து பேர் குழுவுக்குத் தலைமை வகித்தேன்’ என்றது.
எந்தக் குழு?
சத்துணவு அரிசி மூட்டை இறக்கிய அன்று
நாங்கள் ஐந்து பேர் இருந்தோம், அது நிஜம்.
அழித்தேன். மன்னிப்புக் கேட்டது.
பிறகு கேட்டது:
உங்கள் ஏழு வருட வளர்ச்சியை
எண்ணில் சொல்ல முடியுமா?

காலையில் கோட்டை வீடு.
மாலையில் கோட்டை வீடு.

வகுப்பில் தரையெல்லாம் சாக்பீஸ் வரைபடம்.
சணல் கயிற்றைப் பாதையாகப் போடச் சொன்னது அதன் யோசனை,
நன்றி சொல்லத்தான் வேண்டும்.
ஜீப் ஏறியது, இறங்கியது, எல்லோருக்கும் புரிந்தது.
மாதேஸ்வரி எழுந்தாள்.
“எங்கப்பா குடகுக்குப் போயி ரெண்டு வருசம்
காப்பித் தோட்டத்துல இருந்துட்டு வந்துட்டாரு.
அது பூஜ்ஜியமா டீச்சர்?”
பூஜ்ஜியம்.
“அப்ப போகவே இல்லைன்னு எழுதணுமா?”

மீதி முப்பது தலைகளும் என் பக்கம் திரும்பின.
‘எதிர்பார்க்கக்கூடிய கேள்விகள்’ என்று
குறிப்பில் நான்கு இருந்தன.
இது இல்லை.

கயிற்றைப் போடு என்றேன்.
மலை இறங்கி, சேலம், மேட்டூர்,
அவள் பெயர் கொண்ட மாதேஸ்வரன் மலை ஏறி இறங்கி
மைசூரிலேயே கயிறு தீர்ந்தது.
சடையிலிருந்து ரிப்பனை உருவி முடிச்சுப் போட்டாள்.
திரும்பி வர அது போதவில்லை.
பக்கத்துப் பெண்ணின் ரிப்பன், ஒருவனின் அரைஞாண் கயிறு,
என் அடையாள அட்டையின் பட்டி.
இரண்டு முனையும் ஒரே புள்ளியில் வந்து நின்றபோது
வகுப்பில் கால் வைக்க இடமில்லை.
மணி அடித்தது.
முதலில் போனவன் எதையும் மிதிக்காமல்
தாண்டித் தாண்டிப் போனான்.
பின்னால் வந்த எல்லோரும் அப்படியே.

இறங்கும் பஸ்ஸில் கேட்டேன்:
நாளைக்கு அறுபது கிலோமீட்டர்,
வருடத்துக்கு இருநூறு நாள், ஏழு வருடம்.
எண்பத்து நாலாயிரம் என்றது.
பூமியை இரண்டு முறை சுற்றியும் மிச்சம் இருக்கிறதாம்.
விண்ணப்பத்தில் சேர்க்கட்டுமா, சுவையாக இருக்கும் என்றது.
வேண்டாம்.

வளர்ச்சி என்ற கட்டத்தில்
ரிப்பனைப் பற்றி நாலு வரி எழுதினேன்,
நானே, ஒரு எழுத்துப்பிழையோடு.
அனுப்பு என்பதை அழுத்தினேன். நிமிர்ந்தால்
பலகையில் 14/20.
திரையில் சின்ன வட்டம் சுற்றியது,
பஸ் திரும்பியது,
வட்டம் சுற்றியது.

இரண்டு ரிப்பனும் முடிச்சு அவிழாமல் என் பையில்.
காலையில் பிரேயருக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும்.
லீ பஜாரில் எட்டு மணி வரை கடை உண்டு,
கயிறு இந்த முறை
இருபது மீட்டராவது வாங்க வேண்டும்.